அளையும் பத்தாயமும்: தென் திருவிதாங்கூர் வேளாண் வரலாற்றில் வளை எலி

முன்னுரை

வேளாண்மையின் வரலாறு பெரும்பாலும் நிலவுடைமை, நீர்ப்பாசனம், வரி, விலை ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. விளைந்த பயிர் களத்திற்கு வந்து சேருமுன் அதில் பங்கு கொண்ட உயிரினங்களைப் பற்றி வரலாற்று நூல்கள் மிகுதியாகப் பேசுவதில்லை. கிளியையும் யானையையும் காட்டுப்பன்றியையும் ஓட்டுதல், தினைப்புனக் காவல் என்னும் பெயரால் இலக்கிய ஆய்வில் இடம் பெற்றது. மண்ணுக்குள் வாழ்ந்து இரவில் வெளிப்படும் எலிக்கு அத்தகைய இடம் வாய்க்கவில்லை. ஆயினும் எலியால் நேரும் இழப்பு சிறிதன்று. மிசோ குன்றுகளில் 1959-இல் மூங்கில் பூத்ததைத் தொடர்ந்து எலிகள் பெருகி விளைச்சலை அழித்தன. அப்பஞ்சத்தின்போது எழுந்த மனக்குறையே 1961-இல் மிசோ தேசிய முன்னணி தோன்றவும் 1966-இல் கிளர்ச்சி எழவும் வழிவகுத்த காரணங்களுள் ஒன்றாயிற்று. பயிரழிக்கும் சிற்றுயிர் அரசியல் வரலாற்றிலும் இடம் பெறும் என்பதற்கு இது சான்றாகும்.

திருவனந்தபுரத்தையும் அதனைச் சூழ்ந்த பழைய தென் திருவிதாங்கூர்ப் பகுதியையும் களமாகக் கொண்டு, வளை தோண்டி வாழும் எலிக்கும் உழவர்க்கும் இடையிலான உறவு காலந்தோறும் எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலச் சீரமைப்பு நடைபெறும் வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் திருவனந்தபுரத்தோடு ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. ஆதலின் நாஞ்சில் நாட்டின் நெல் வயலையும் நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு வட்டங்களின் மேட்டுநிலத் தோட்டத்தையும் ஒருசேர நோக்குதல் பொருந்தும். உழவர் தம் உணவை எங்கே சேமித்தனர் என்பதைப் பொறுத்தே எலி அவர்க்குச் சிறு தொல்லையாகவோ பேரிழப்பாகவோ அமைந்தது என்பது இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

சொற்கள் காட்டும் செய்தி

தமிழும் மலையாளமும் இவ்வுயிரினத்தைக் குறிக்க வழங்கும் சொற்கள் பெரும்பாலும் பொதுவானவை. எலி என்னும் சொல் இரு மொழிக்கும் உரியது. தமிழின் பெருச்சாளி மலையாளத்தில் பெருச்சாழி எனப்படும். தமிழில் அளை எனப்படும் பொந்து மலையாளத்தில் அள என்று வழங்கும். மாளம் என்னும் சொல்லும் அம்மொழியில் உண்டு. தமிழில் அளை இலக்கிய வழக்கில் நின்றுவிட, வளை என்பதே பேச்சு வழக்கில் நிலைபெற்றது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்னும் பழமொழி இதற்குச் சான்று.

மண்ணைத் தோண்டும் இயல்பினால் பெயர் பெற்ற எலியும் இரு மொழியிலும் உண்டு. தமிழ் அகராதிகள் அகழெலி என்னும் சொல்லைத் தருகின்றன. மலையாள உழவர் துரப்பன் எலி என்பர். துர என்னும் அடி துளைத்தலைக் குறிக்கும். தச்சர் கையாளும் துரப்பணம் என்னும் துளையிடு கருவியின் பெயரும் இவ்வடியினதே. எலியின் தொழிலையும் தச்சனின் தொழிலையும் ஒரே அடிச்சொல்லால் குறித்தமை, அதன் தோண்டுந்திறன் எவ்வளவு கூர்ந்து நோக்கப்பட்டது என்பதைக் காட்டுகின்றது.

தெலுங்கில் பந்திகொக்கு, அதாவது பன்றி எலி, எனப்பட்ட சொல் ஐரோப்பியர் வாயிலாகப் பாண்டிகூட் என்று திரிந்து உலகெங்கும் பரவியது. பின்னர் ஆஸ்திரேலியாவில் வாழும், எலியினத்தோடு தொடர்பே இல்லாத, பையுடைய சிறு விலங்குகளுக்கும் அப்பெயர் இடப்பட்டது. விலங்கியலார் 1835-இல் பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ் என்னும் இனத்திற்குப் பெயரிட்டு விளக்கம் தந்தனர். தமிழக வேளாண் துறையினர் கரம்பை எலி என்று வழங்குவதும் கேரள உழவர் துரப்பன் என்று கூறுவதும் பெரும்பாலும் இதனையே ஆகும். தென்னையின் கொண்டையில் கூடு கட்டி இளங்காய்களைத் துளைக்கும் எலி வேறினம். அது மரத்தில் வாழ்வது. இக்கட்டுரையின் எல்லைக்குள் வாராது.

சங்கப் பாடல்களில் எலி

சங்க இலக்கியத்தில் எலி பற்றிய குறிப்புகள் சிலவே எனினும் அவை துல்லியமானவை. புறநானூற்றின் 190-ஆம் பாடல் சோழன் நல்லுருத்திரன் பாடியது. வயல் விளைந்த பருவம் பார்த்துக் கதிரைக் கவர்ந்து சென்று தன் அளை நிரம்பச் சேர்த்துவைக்கும் எலியைப் போன்ற சிறுமுயற்சியாளரோடு நட்பு வேண்டா என்பது அப்பாடலின் கருத்து. தான் வேட்டையாடியதையும் இடப்பக்கம் விழுந்தால் உண்ணாத புலியைப் போன்றாரின் நட்பே வேண்டும் என்று அது முடிகின்றது.

இப்பாடல் அறநோக்கில் பலராலும் எடுத்தாளப்பட்டுள்ளது. வேளாண் வரலாற்று நோக்கிலும் இது மதிப்புடையது. எலி எப்போதும் கதிர் கவர்வதாகப் புலவன் கூறவில்லை. விளைந்த பருவத்தையே குறிக்கின்றான். உண்பதாக மட்டும் கூறவில்லை, சேர்த்துவைப்பதாகக் கூறுகின்றான். கதிரோடு கவர்ந்து செல்வதும் சுட்டப்படுகின்றது. இம்மூன்றும் கரம்பை எலியின் இயல்போடு முற்றும் பொருந்துகின்றன. ஆளும் குடியில் பிறந்த ஒருவன் வரப்பில் நிகழும் இச்செய்தியை அறிந்திருந்தமை, அக்காலத்தில் அது யாவரும் அறிந்த காட்சியாக இருந்தது என்று கருத இடந்தருகின்றது.

புறநானூற்றின் 324-ஆம் பாடலில் வேட்டுவர் சிறுவர் உடை மரத்தின் முள்ளை அம்பு முனையாகச் செருகி, வளாரை வளைத்து வில்லாக்கிப் பருத்தி வேலியில் கருப்பை என்னும் எலியை எதிர்நோக்கி நிற்கும் காட்சி வருகின்றது. பயிரிடப்பட்ட நிலத்தின் வேலியோரத்தில் எலி வேட்டை நிகழ்தல் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. சிறுவரின் விளையாட்டு, குடும்பத்தின் உணவு, பயிர்க் காவல் ஆகிய மூன்றும் அக்காட்சியில் ஒன்றாகவே உள்ளன.

நற்றிணையின் 83-ஆம் பாடலில் தோழி கூகையை விளித்து, அது குழறாது இருப்பின் சுட்ட எலியின் ஊனைச் சோற்றோடு படைப்பதாகக் கூறுகின்றாள். கூகைக்கு விருப்பமான உணவு எலி என்னும் அறிவு இப்பாடலின் அடியில் கிடக்கின்றது. திருக்குறளின் 763-ஆம் குறள் எலிக்கூட்டத்தின் ஆரவாரத்தையும் நாகத்தின் மூச்சையும் எதிர்நிறுத்துகின்றது. எலிக்கு இயற்கைப் பகை எவை என்பது பழந்தமிழ் நூலோர் அறிந்திருந்த செய்தியே எனலாம்.

வளையின் அமைப்பு

இவ்வெலியின் வாழ்க்கை முறையைச் சுருக்கமாக அறிதல் பின்வரும் செய்திகளை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும். வளர்ந்த எலி ஒன்று தனக்கென ஒரு வளையை அமைத்துக்கொண்டு தனித்தே வாழும். வளைக்குப் பல வாயில்கள் உண்டு. உள்ளிருக்கும்போது அவற்றை மண்ணிட்டு அடைத்துக்கொள்ளும். வாயிலின் முன் குவிந்து கிடக்கும் புதுமண்ணே உள்ளே எலி உண்டு என்பதற்கு அடையாளம். உள்ளே குட்டியீனும் அறையும் தானியம் சேர்க்கும் அறைகளும் தனித்தனியே அமைந்திருக்கும். மேற்பரப்பில் மெல்லிய மண் மூடிய வழி ஒன்றையும் அமைத்து வைக்கும். ஒரு பக்கம் தோண்டினால் மறுபக்கம் அவ்வழியே வெளிப்பட்டு ஓடிவிடும்.

சினைக்காலம் சற்றொப்ப மூன்று வாரமே. ஓர் ஈற்றில் ஏழெட்டுக் குட்டிகள் பிறத்தல் இயல்பு. ஆகவே ஒரு பருவத்தில் அழிக்கப்பட்டாலும் அடுத்த பருவத்திற்குள் தொகை ஈடாகிவிடும். ஒரு வளை வெறுமையானால் பக்கத்து நிலத்து எலி அதில் குடியேறும். எலி ஒழிப்பின் வரலாறு முழுவதும் இவ்விரண்டு உண்மைகளோடு நடத்தப்பட்ட போராட்டமே எனலாம்.

வரப்பில் வளை தோண்டுவதில் நண்டும் எலிக்குத் துணையாகும். இவ்விரண்டின் துளைகளால் வரப்பு ஊற்றெடுத்து நீர் வடிந்துவிடும். ஆதலின் எலியால் விளையும் கேடு கதிரிழப்பு மட்டுமன்று, நீரிழப்பும் ஆகும். ஆண்டுதோறும் வரப்பை வெட்டிச் சேறு பூசி அகலம் குறைத்துக் கட்டும் வழக்கத்திற்கு நீர் காத்தலோடு வளைகளை அழித்தலும் ஒரு பயனாயிற்று. அகன்ற வரப்பு எலிக்கு உகந்த இடம். ஒடுங்கிய வரப்பில் அது வளை அமைக்க இயலாது.

நெல்லும் பத்தாயமும்

நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாகப் போற்றப்பட்டது. 1897-இல் தொடங்கி 1906-இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணை அதன் பாசனத்தை மேலும் உறுதிப்படுத்தியது. நெல் வேளாண்மையில் பயிர் வயலில் விளைந்து நிற்கும் காலம் சில வாரங்களே. அக்காலத்தைக் கடந்துவிட்டால் விளைச்சல் களத்திற்கும் அங்கிருந்து வீட்டிற்கும் சென்றுவிடும். எலி வயலில் கவர்வதற்குரிய காலம் குறுகியது.

வீட்டிற்கு வந்த நெல் தடித்த பலகைகளால் ஆன பத்தாயத்தில் சேர்க்கப்பட்டது. தமிழ் மாவட்டங்களில் மண்ணால் செய்த குதிரும் வைக்கோற் புரியால் கட்டிய சேரும் இதற்குப் பயன்பட்டன. இவற்றுள் பத்தாயமே எலிக்கு எளிதில் இடங்கொடாதது. எலி பிடிக்கும் மரப்பெட்டிக்கு மலையாளத்தில் எலிப்பத்தாயம் என்னும் பெயர் அமைந்தமை நோக்கத்தக்கது. மனிதனுக்கு நெல்லைக் காக்கும் பெட்டியின் பெயரே எலியைச் சிறைப்படுத்தும் பெட்டிக்கும் ஆயிற்று. அடூர் கோபாலகிருஷ்ணன் 1981-இல் உருவாக்கிய எலிப்பத்தாயம் என்னும் திரைப்படம், நிலவுடைமைக் குடும்பம் ஒன்றின் வீழ்ச்சியை இப்பெட்டியின் வாயிலாகவே காட்டியது. 1982-இல் பிரித்தானியத் திரைப்படக் கழகத்தின் சதர்லாந்து விருது அதற்கு வழங்கப்பட்டது. பத்தாயம் நிறைந்திருந்த வீட்டில் எலிப்பத்தாயம் மட்டும் எஞ்சிய நிலை, ஒரு வேளாண் அமைப்பின் முடிவையே உணர்த்துகின்றது.

வயலில் எலியைப் பிடிக்க வில் அமைப்பிலான பொறிகள் பயன்பட்டன. தஞ்சை வட்டாரத்தில் மூங்கிலால் செய்யப்பட்டுக் கிட்டி எனப்பட்ட பொறியும் கேரளத்தில் எலிவில்லு எனப்பட்ட பொறியும் ஒரே அமைப்பின் இரு வடிவங்கள். வளைந்த மூங்கிலின் விசையே இரண்டிற்கும் அடிப்படை. செலவின்றி உள்ளூர்ப் பொருளால் செய்யத்தக்கன என்பதும், பிற உயிர்க்கு நஞ்சாகா என்பதும் இவற்றின் சிறப்பு. ஆனால் இவற்றை எலியின் தடம் அறிந்து வைக்க வேண்டும். அவ்வறிவு உடையோர் நிலமுடையோர் அல்லர்; நிலத்தில் உழைத்தோரே.

திருவிதாங்கூரில் 1855-இல் அடிமை முறை ஒழிக்கப்படும் வரை வயல் உழைப்பின் பெரும்பகுதி புலையர், பறையர் முதலிய மக்களின் அடிமை உழைப்பாகவே இருந்தது. வரப்பு வெட்டுதலும் இரவுக் காவலும் அவர்கள் மீதே சுமத்தப்பட்டன. எலி பற்றிய அறிவு அவர்களிடத்திலேயே வளர்ந்தது. எழுத்தில் ஏறாமல் நின்றது. இதனை ஒத்த நிலை இந்தியாவின் பிற பகுதிகளிலும் உண்டு. பீகாரில் முசகர் என்னும் மக்களின் பெயரே எலியோடு தொடர்புடையது. அறுவடைக்குப் பின் எலி வளைகளைத் தோண்டி அவற்றிலுள்ள தானியத்தைச் சேர்த்தல் நிலமற்ற அம்மக்களின் உணவு வழிகளுள் ஒன்றாக இருந்தது. தமிழகத்தின் வடமாவட்டங்களில் இருளரும் இவ்வாறே வளை தோண்டி எலியையும் நெல்லையும் எடுத்தனர். புலவன் இகழ்ந்த எலியின் சேமிப்பு ஏழையின் உணவாயிற்று. பயிரைக் காத்த தொழிலோ அதனைச் செய்தோர்க்குப் பெருமை தரவில்லை. இழிவின் அடையாளமாகவே அவர்கள்மீது சுமத்தப்பட்டது.

மரச்சீனியின் வருகை

தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளி போர்த்துக்கீசியர் வாயிலாக மேலைக் கடற்கரைக்கு வந்தது. திருவனந்தபுரம், குமரி வட்டாரங்களில் இது மரச்சீனி எனப்படும். கேரளத்தின் பிற பகுதிகளில் கப்ப என்பர். திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் இராமவர்மா, தம் ஆட்சிக் காலத்தில் (1880-1885) இப்பயிரைப் பரப்புவதில் ஆர்வம் காட்டினார். அரசு நிலங்களின் குடிகளுக்கு உரிமை வழங்கிய 1865-ஆம் ஆண்டின் பட்டம் பிரகடனத்தை அடுத்து மேட்டுநிலங்கள் பெருமளவில் திருத்தப்பட்டு வந்த காலம் அது. நீர்ப்பாசனமின்றி வளமற்ற மண்ணிலும் விளையும் கிழங்கு அந்நிலங்களுக்கு ஏற்றதாயிற்று.

திருவிதாங்கூர் தன் அரிசித் தேவையில் பாதியைக்கூட விளைவிக்க இயலாத நாடு. பர்மாவிலிருந்து வந்த அரிசியே குறையை நிரப்பியது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அவ்வரிசி நின்றது. அந்நெருக்கடியில் எளிய மக்களைக் காத்தது மரச்சீனியே. அது முதல் பல்லாண்டுகள் உழைப்பாளர் வீடுகளில் அதுவே முதன்மை உணவாக விளங்கியது. 1970-களின் நடுப்பகுதியில் கேரளத்தில் 3 இலட்சம் எக்டேருக்கு மேல் மரவள்ளி பயிரிடப்பட்டது.

இம்மாற்றம் வளை எலியின் வரலாற்றிலும் ஒரு திருப்பமாகும். நெல் மண்ணுக்கு மேல் விளைவது. மரச்சீனி மண்ணுக்குள் விளைவது. நெல்லை அறுத்தவுடன் சேமிக்கலாம். மரச்சீனிக் கிழங்கோ பறித்த இரண்டு மூன்று நாள்களில் கெட்டுவிடும். ஆகவே உழவர் அதனைப் பறிக்காமல் நிலத்திலேயே விட்டுவைத்து, வேண்டும்போது வேண்டிய மூட்டை மட்டும் பிடுங்கினர். பயிர் எட்டு முதல் பத்து மாதம் நிலத்தில் நிற்கும். அதற்கு மேலும் நிற்பதுண்டு. இவ்வாறு நிலமே பத்தாயம் ஆயிற்று. ஆனால் அந்தப் பத்தாயத்திற்குப் பலகை இல்லை. எலி வெளியிலிருந்து வந்து அதில் புகவேண்டியதுமில்லை. அதன் குடியிருப்பே அந்த மண்ணுக்குள் இருந்தது.

மரச்சீனி மூட்டில் எலி கீழிருந்து துளைத்துக் கிழங்கைக் கறித்தாலும் மேலே செடி பசுமை மாறாது நிற்கும். பிடுங்கும் நாளில்தான் இழப்புத் தெரியவரும். எலி கிழங்கை முழுதும் தின்பதில்லை. கறித்த இடத்திலிருந்து எஞ்சிய பகுதி அழுகிவிடும். வயலில் கதிர் வெட்டப்பட்டால் மறுநாளே கண்ணில் படும். தோட்டத்து இழப்போ மாதக்கணக்கில் மறைந்து கிடக்கும்.

இதன் பளுவை உணர ஒரு கணக்கு துணைசெய்யும். 1969-ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தத் திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, ஊராட்சிப் பகுதிகளில் குடிகிடப்புக்காரர் எனப்பட்ட குடிசைவாசிகள் 10 சென்று வரை நிலம் பெற உரிமை எய்தினர். 90 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் 10 சென்றில் சற்றொப்ப 500 மூடு மரச்சீனி நிற்கும். வீடும் கிணறும் தென்னையும் போக அதில் பாதியே எஞ்சும் எனலாம். மூட்டுக்கு 2 கிலோ என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 250 மூடுகளில் 500 கிலோ கிழங்கு கிடைக்கும். அதில் 50 மூடுகளை எலி கறித்தால் 100 கிலோ உணவு போயிற்று. பெருநில உடைமையாளர்க்கு இது பொருட்படுத்தத்தக்கதன்று. கூலி கிடைக்காத மழைக்காலத்தை அக்கிழங்கை நம்பியே கழிக்கும் குடும்பத்திற்கு அது பல நாள் பட்டினி.

இதற்கு உழவர் கண்ட விடைகளுள் ஒன்று, கிழங்கை ஒருசேரப் பறித்து, தோல் நீக்கிச் சீவி, அரைவேக்காட்டில் வெந்நீரில் வாட்டி வெயிலில் உலர்த்தி வைத்தல். வாட்டுக்கப்ப எனப்படும் இவ்வுணவு மாதக்கணக்கில் கெடாது. அழுகலிலிருந்தும் எலியிடமிருந்தும் கிழங்கைக் காத்து, சேமிப்பை மீண்டும் நிலத்திலிருந்து வீட்டிற்குக் கொணரும் வழி இது. ஆயினும் வெயில், விறகு, ஆள் உழைப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும். பல வீட்டார் கூடி ஒரே நாளில் சீவி உலர்த்தினால் மட்டுமே இயலும்.

மலையோரத்தில் எலியோடு முள்ளம்பன்றியும் சேர்ந்துகொண்டது. சங்க இலக்கியத்தில் எய் என்றும் முளவுமா என்றும் வழங்கும் இவ்விலங்கும் நிலத்தடி வளையில் வாழ்வதே. மரச்சீனியையும் தென்னங்கன்றையும் அது அழிக்கும். எனினும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனைக் காக்கப்படும் விலங்காக்கியது. எலியையும் சுண்டெலியையும் அச்சட்டம் தொல்லை விலங்குகளின் அட்டவணையில் வைத்தது. அவ்வட்டவணையே 2022-ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீக்கப்பட்டது.

ஆய்வும் நஞ்சும்

திருவனந்தபுரத்தில் வெள்ளாயணி வேளாண் கல்லூரி 1955-இலும், ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 1963-இலும் தொடங்கப்பெற்றன. மரவள்ளி ஆய்வுக்கு இந்நகரம் நாட்டின் தலைமையிடமாயிற்று. 1977-இல் இந்நிறுவனம் வெளியிட்ட வகைகளுள் ஒன்று, விசாகம் திருநாளின் பெயரைத் தாங்கி ஸ்ரீ விசாகம் என வழங்குகின்றது. எலிக் கட்டுப்பாடு பற்றிய அனைத்திந்திய ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டமும் ஜோத்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1970-களில் தோன்றியது.

இக்காலத்தில் நஞ்சு முதன்மை பெற்றது. துத்தநாகப் பாஸ்பைடு விரைந்து கொல்லும். ஆனால் சிறிதளவு தின்று பிழைத்த எலி மீண்டும் அவ்விரையைத் தீண்டாது. ஆதலின் முதலில் சில நாள் நஞ்சற்ற இரையை வைத்துப் பழக்கும் முறை கையாளப்பட்டது. இக்குறையை நீக்க வந்தவை குருதி உறைதலைத் தடுக்கும் நஞ்சுகள். வட அமெரிக்காவில் 1920-களில் கெட்டுப்போன இனிப்புக் குளோவர் தீவனத்தை உண்ட மாடுகள் குருதிப்பெருக்கால் மடிந்தன. அதன் காரணத்தை ஆராய்ந்த விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கார்ல் பால் லிங்க் குழுவினர் கண்டதன் வழியாக வார்ஃபரின் தோன்றியது. 1940-களின் இறுதியில் எலி நஞ்சாக வந்த அதுவே பின்னர் மனிதருக்கு மருந்தும் ஆயிற்று. சில நாள் கழித்தே மடிவதால் எலி இரையை ஐயுறுவதில்லை. புரோமாடியோலோன் முதலியன இவ்வழியில் பின்னர் வந்தவை.

நஞ்சு நெல் வயலில் தந்த பயனை மரச்சீனித் தோட்டத்தில் தரவில்லை. இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, கிழங்கு பருத்த பின் எலிக்கு உணவுப் பஞ்சமில்லை. மண்ணுக்குள்ளேயே விருந்திருக்க, வாயிலில் வைத்த இரையை அது நாடி வரவேண்டியதில்லை. எனவே கிழங்கு பருக்குமுன் கட்டுப்படுத்துதலே பயன் தரும். இரண்டாவது, நிலம் சிறு சிறு புரயிடங்களாகப் பிரிந்து கிடந்தமை. ஒரு வீட்டார் நஞ்சிட்டால் அடுத்த வீட்டுத் தோட்டத்திலிருந்து எலி வந்து வெற்று வளையில் குடியேறும். ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் செய்தாலன்றிப் பயனில்லை. வயலில் ஒரு நிலக்கிழாரின் ஆணையால் நிகழ்ந்த கூட்டுழைப்பு, உரிமை பரவலான பின் அயலாரின் உடன்பாட்டால் நிகழவேண்டியதாயிற்று. எலி ஒழிப்புத் தனியார் செயலாக இருந்த நிலை மாறி ஊர்ப் பொதுச் செயலாதல் வேண்டும் என வேளாண் துறையினர் வலியுறுத்தி வந்தது இதனாலேயே ஆகும்.

மறந்துபோன துணைகள்

நஞ்சு எலியை மட்டும் கொல்வதில்லை. நஞ்சுண்ட எலியைத் தின்னும் கூகையும் கீரியும் கேடுறும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துதல் என்னும் பழமொழி தமிழிலும், இல்லத்தைச் சுடுதல் என மலையாளத்திலும் வழங்குகின்றது. அளவிறந்த நஞ்சைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். இதற்கு முன்பே சாரைப்பாம்பு தோல் வாணிகத்திற்காகப் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டது. 1970-களில் பாம்புத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்படும் வரை அது தொடர்ந்தது. உழவனுக்குக் கூலியின்றி உழைத்த எலிக்காவலரே விற்பனைப் பொருளாயினர்.

தோல் வாணிகம் நின்றபோது வாழ்விழந்த இருளர் 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பாம்பின் நஞ்சை எடுத்து மருந்துக்கு வழங்குதல் அதன் பணி. எலி பிடித்தலும் அவர்களது தொழிலாகத் தொடர்ந்தது. மட்பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வாயால் ஊதிப் புகையை வளைக்குள் செலுத்துவது அவர்களது பழைய முறை. புகையும் சூடும் ஊதுவோரின் வாயையும் நுரையீரலையும் தாக்கின. பின்னர்க் கையால் சுழற்றும் புகையூட்டும் கருவி அவர்களுக்கு வழங்கப்பட்டது. வளையின் எந்த வாயிலை அடைப்பது, எதனைத் திறந்துவைப்பது என்னும் அறிவு அவர்களுடையது. கருவி செய்தது உடலைக் காத்தது மட்டுமே. மரபறிவும் புதுக்கருவியும் இணையும்போது நஞ்சின்றியே பயிர் காக்கலாம் என்பதற்கு இஃதொரு சான்று.

எலியால் நேரும் மற்றொரு கேடு நோய். எலிப்பனி எனக் கேரளத்தில் வழங்கும் எலிக்காய்ச்சலை 1886-இல் ஜெர்மானிய மருத்துவர் வைல் விளக்கினார். அதன் நுண்ணுயிரை 1915-ஆம் ஆண்டளவில் ஜப்பானின் இனாடாவும் இடோவும் கண்டறிந்தனர். எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் காலிலுள்ள சிறு புண் வழியாகவும் நோயைப் புகுத்தும். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டதைத் தொடர்ந்து இந்நோய் பரவியபோது, சேற்றில் இறங்கித் துப்புரவுப் பணி செய்தோர்க்கு டாக்சிசைக்ளின் மாத்திரை முற்காப்பாக வழங்கப்பட்டது. வரப்பு வெட்டுவோரும் வாய்க்கால் தூர்ப்போருமே இந்நோய்க்கு முதலில் ஆளாகின்றனர்.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. சங்கப் புலவர் கண்ட எலியின் இயல்பு இன்றும் மாறவில்லை. மாறியது உழவரின் சேமிப்பிடமே. விளைச்சல் பத்தாயத்தில் இருந்தவரை எலி பருவத்தில் வந்துபோகும் பங்காளியாக இருந்தது. விளைச்சல் மண்ணுக்குள் தங்கியபோது அது ஆண்டு முழுவதும் உடனுறையும் பங்காளியாயிற்று. இழப்பின் பளு நிலக்கிழாரை விட்டுச் சிறு தோட்டக்காரர்மீது சாய்ந்தது.

எலியை அறிந்து தோண்டிப் பிடித்தோரின் அறிவு, அவர்தம் தாழ்வுநிலை காரணமாக மதிக்கப்படாது போயிற்று. அவ்விடத்தை நிரப்ப வந்த நஞ்சு பாம்பு, கூகை முதலிய பிற துணைகளையும் குறைத்தது. கேரளத்தில் ஒருகாலத்தில் 8 இலட்சம் எக்டேருக்கு மேல் இருந்த நெல் வயல் 2 இலட்சம் எக்டேர் அளவிற்குச் சுருங்கிவிட்டது. மரச்சீனி நிலத்தின் பெரும்பகுதியை இரப்பர் கொண்டது. பயிர் மாறியதால் சொற்களும் வழக்கொழியும் நிலையில் உள்ளன. எலிவில்லு, துரப்பன், கிட்டி, சேர், குதிர் ஆகிய சொற்களை அவற்றின் செய்முறையோடு திரட்டிப் பதிவு செய்தல் அகராதியியலார்க்கும் வேளாண் வரலாற்றார்க்கும் பொதுவான கடமையாகும். அப்பதிவுக்கு வேண்டிய சான்றாளர்கள் ஏடுகளில் இல்லை. வரப்பு வெட்டி முதுமை எய்திய உழைப்பாளரிடத்திலேயே உள்ளனர். அவர்கள் காலத்திலேயே இப்பணி நிறைவேறுதல் வேண்டும்.